இதயத்துக்குத் தெரியாத வேலை

எங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்கு நாங்க பாடம் நடத்துன கதையைச் சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டுச் சிரிச்சீங்கன்னா எனக்கொண்ணும் கோவமில்லை. நானே இப்பெல்லாம் நெனைச்சு நெனைச்சுச் சிரிக்கிறேன். ஆனா அன்னைக்கு அழுதேன், அதையும் மறைக்காமச் சொல்லிப்போடறேன்.

அவர் பேரு சென்னியப்பன். சென்னிமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எங்களுக்குப் போர்வைக் கடை. வாய் ஓயாத மனுஷன். வந்தவங்களுக்கு ஒரு போர்வையை விரிச்சுக் காட்டறதுக்குள்ள அவங்க எந்த ஊரு, என்ன கொலசாமி, பையனுக்குப் பொண்ணு பாத்தாச்சா, எல்லாம் விசாரிச்சு முடிச்சிருப்பார். அப்படிப்பட்ட ஆளு போன ஆவணியில கல்லாவுல உக்காந்தபடியே நெஞ்சைப் பிடிச்சுட்டுச் சாஞ்சுட்டார். ஓட்டறதுக்கு ஆளே இல்லாத ஆம்புலன்ஸ் ஒண்ணு வந்து அள்ளிட்டுப் போச்சு. பொழைச்சுட்டார். ஆனா இதயம் பாதி சோந்துபோச்சு, இனி தானா முழுசா வேலை செய்யாதுன்னுட்டாங்க. அதனால இதயத்தைச் சுத்தி ஒரு உறை மாட்டிவிட்டாங்க.

"ஒரு சட்டை மாதிரி நெனைச்சுக்கங்கம்மா" அப்படின்னாங்க டாக்டர் ஷமீமா. "இதயம் சுருங்கறப்ப இதுவும் கூடவே சுருங்கிக் கைகொடுக்கும். ஆனா எந்த நேரத்துல எவ்வளவு கைகொடுக்கணும்னு அதுக்குத் தெரியணுமில்லையா? அதை நாமதான் சொல்லித்தரணும். நடக்கறது, குளிக்கறது, படி ஏறறது, சண்டை போடறது, ஒவ்வொண்ணையும் ஒரு தடவை செஞ்சு காட்டிப் பேரும் சொல்லிட்டா, பொறவு அதுவே புரிஞ்சுக்கும்."

"சொல்லித்தராத வேலையைச் செஞ்சா என்னாகுங்க டாக்டர்?"ன்னு கேட்டான் எங்க பையன் நவநீதன். மன்னார் கடலுக்குள்ள காத்தாடி நட்டு மின்சாரம் எடுக்கற கம்பெனியில இன்ஜினியர் அவன். எதுக்கும் ரெண்டாவது கேள்வி வெச்சிருப்பான்.

"காரணமே தெரியாம இதயம் வேகமா அடிச்சா, ஏதோ ஆபத்துன்னு நெனைச்சு அமுக்கி மெதுவாக்கிடும். ஆளு துவண்டு படுத்துருவார். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க."

அந்தப் பயிற்சி வகுப்பைத்தான் நீங்க பாத்திருக்கணும். ஆஸ்பத்திரியில ஒரு பெரிய ரூம். நடுவுல எங்க வீட்டுக்காரர், நெஞ்சுல ஒரு பட்டையோட. சுத்தி நாங்க. நான், நவநீதன், அவரோட சித்தப்பா, பக்கத்துக் கடைக்காரர், அப்பறம் எங்க நங்கையா ருக்மணி. நங்கையான்னா அவரோட கூடப்பொறந்த அக்கா, எனக்கு மாமியார் இல்லாத குறையைத் தீத்து வெக்கறவங்க. அவங்க வீட்டுக்காரருக்கு, அதாவது நான் அண்ணன்னு கூப்பிடறவருக்கு, ஒரு வருஷம் முன்னாடியே இதே உறை மாட்டியிருந்துச்சு. அதனால வகுப்புல நங்கையாதான் பாதி டாக்டர்.

"எங்க வீட்டுக்காரர்து எல்லா வேலையும் கத்துக்கிச்சுங்க டாக்டர். தோட்டத்துக்குப் போறது, மோட்டார் போடறது, பரண் ஏறறது வரைக்கும்!"னு பெருமை வேற.

எங்காளு படி ஏறிக் காட்டினார். கடையில பேரம் பேசற மாதிரி பேசிக் காட்டினார். சித்தப்பாவை வேணும்னே வம்புக்கு இழுத்துச் சண்டை போட்டுக் காட்டினார், அது நெசமான சண்டையா மாறப் பாத்துச்சு. எல்லாத்துக்கும், உறையோட இணைச்சிருந்த அவர் போன் ஒரு பொம்பளைக் குரல்ல, "கற்றுக்கொண்டேன். இதயம் துணை நிற்கும்"னு சொல்லுச்சு. கடைசியா டாக்டர் கேட்டாங்க, "வேற ஏதாவது வேலை விட்டுப்போச்சா? கூச்சப்படாமச் சொல்லுங்க."

கூச்சப்படாமயாம்! ரூம் நெறைய ஒறம்பரை சொந்தபந்தத்தை உக்கார வெச்சுட்டுக் கேட்டா யாருக்கு வாய் வரும்? எனக்கு ஒண்ணு விட்டுப்போச்சுன்னு தெரியும். அவருக்கும் தெரியும், ஏன்னா அவர் டக்குனு மேல ஓடற பேனைப் பாத்தார். நான் என் வளையலைப் பாத்தேன். நங்கையா தொண்டையைச் செருமிட்டு, "கோயில் பிரகாரம் சுத்தறது விட்டுப்போச்சுங்க"ன்னாங்க. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. அவரும் அந்த ரூமையே மூணு சுத்து சுத்தி வந்தார்.

வீட்டுக்கு வந்தாச்சு. உடம்பு தேறிச்சு. கடைக்குப் போக ஆரம்பிச்சார், குடோன் மாடிக்கு மூட்டையில்லாம ஏறி எறங்கினார். மொகத்துல பழைய களை வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். கடை லீவு. வெளிய நல்ல மழை. நான் துணி மடிச்சுட்டிருந்தேன். அவர் பின்னாடி வந்து என் தோள்ல தாடையை வெச்சுக்கிட்டு, "ஏ அம்மிணி, இந்த மழைக்கு என்ன பண்ணலாம்?"னார்.

எனக்கு அம்பத்தியொண்ணு. அவருக்கு அம்பத்தியேழு. இந்த வயசுல என்னன்னு கேக்கறவங்க கேட்டுக்கட்டும். கல்யாணம் ஆனதுலயிருந்து எங்களுக்குள்ள எந்தச் சண்டை வந்தாலும் அது தீர்ற எடம் அதுதான். பேசித் தீராததெல்லாம் அங்க தீந்திருக்குது. ஆஸ்பத்திரியில அவர் கண்ணைத் தொறக்காமக் கெடந்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது அவர் கடையும் இல்லை, காசும் இல்லை. அந்தத் தோளும் அந்தச் சூடுந்தான்.

பக்கத்துல படுத்தோம். பேசினோம், சிரிச்சோம். அவ்வளவுதான், ரொம்பவெல்லாம் போகலை. திடீர்னு மேசை மேல இருந்த போன் பேசுச்சு. "அறியாத பதற்றம். இதயம் அமைதிப்படுத்தப்படுகிறது."

பதற்றமாம்! என் கையில இருந்த அவர் கை ஈரத்துணி மாதிரி ஆயிருச்சு. நெத்தியெல்லாம் வேர்வை. கண்ணு சொருகிட்டுப் போச்சு. "ஏனுங்க, ஏனுங்க"ன்னு கத்தறேன், பதிலே இல்லை. நான் தொட்டுத்தான் கொன்னுட்டேன்னு நெனைச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சு அவரே கண்ணைத் தொறந்தார். என்னைப் பாக்கலை, சொவத்தைப் பாத்தார்.

இன்னொரு தடவை தைரியம் பண்ணிப் பாத்தோம். அதே குரல், அதே வேர்வை. அன்னைக்கு அவர் தலகாணியை எடுத்துட்டு முன்ரூம் கட்டிலுக்குப் போயிட்டார். அதுக்கப்பறம் வீட்டுல வேற ஒரு ஆளு குடிவந்த மாதிரி இருந்துச்சு. மோர் குடுத்தா டம்ளரை என் விரல் படாம வாங்கினார். நான் தலைக்குக் குளிச்சு முடி ஒணத்திட்டிருந்தா, தெருவுல ஏதோ வேலை இருக்கற மாதிரி எழுந்து போயிருவார். கடையிலயும் பேச்சு கொறைஞ்சு போச்சு. "அண்ணனுக்கு என்னாச்சுங்கக்கா?"ன்னு கடைப்பொண்ணு வந்து கேக்கறா, நான் என்னத்தைச் சொல்றது?

டாக்டரைக் கேட்டா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுரும். ஆனா கேக்க முடிஞ்சாத்தானே! போன்ல பேசலாம்னு கூப்பிட்டா, மொத காப்பாளர்னு பதிஞ்சு வெச்சிருக்கற நவநீதனுக்கும் சேந்து லைன் போயிருது. நடுக்கடல்ல காத்தாடி மேல நின்னுக்கிட்டு, "என்ன சந்தேகம்மா? கேளுங்க, நானும் கேக்கறேன்"ங்கறான். பெத்த பையனை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கேக்க?

"தயிர் சாப்பிடலாமான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்"ன்னேன்.

"தாராளமா சாப்பிடலாங்கம்மா"ன்னாங்க டாக்டர்.

சரி, நேர்ல போயிரலாம்னு ஒருத்தருக்கும் சொல்லாம பஸ் ஏறினேன். அடுத்த ஸ்டாப்புல நங்கையா ஏறறாங்க! "எங்க போற வளரு? ஆஸ்பத்திரிக்கா? தனியாவா? நல்லாருக்குதே, நானும் வர்றேன் இரு." என் பேரு வளர்மதி, அவங்களுக்கு நான் வளரு. பக்கத்துல உக்காந்துட்டு வழியெல்லாம் என் மொகத்தையே பாத்துட்டு வந்தாங்க. ஒரு தடவை என் கையைப் பிடிச்சு, "வளரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்"ன்னாங்க. நான் திரும்பினேன். "ஒண்ணுமில்லை, இந்த வெயில் என்ன வெயிலு"ன்னு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. டாக்டர் முன்னாடி ரெண்டு பேரும் ஒட்டிப்பிடிச்சு உக்காந்தோம். நான் மறுபடியும் தயிரைப் பத்திக் கேட்டுட்டு, எருமைத் தயிரா பசுந்தயிரான்னு கூடுதலா ஒரு சந்தேகமும் கேட்டுட்டு வந்தேன்.

இந்த நேரத்துலதான் நவநீதன் போன் பண்ணினான். அப்பாவோட உறை அனுப்பற குறிப்பெல்லாம் அவனுக்கும் வரும். "அம்மா, 'அறியாத பதற்றம்'னு ரெண்டு தடவை வந்திருக்குது. கடையில ஏதாச்சும் பிரச்சினையாங்க? அப்பா எதுக்கோ மனசுக்குள்ள பயந்துட்டிருக்கார். எனக்கு இங்க வேலையே ஓடலை. நாம நிதான நிலை போட்டுக்கலாம்மா. வர்ற வெள்ளிக்கிழமை செக்கப்புல கையெழுத்துப் போட்டா அன்னைக்கே மாத்திருவாங்க."

நிதான நிலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். எங்க வீதியில மாரப்பண்ணனுக்கு அதுதான் போட்டிருக்குது. இதயம் ஒரே சீரா ஓடும். எது வந்தாலும் ஏறாது, எறங்காது. மெதுவா எல்லா வேலையும் பண்ணலாம், ரொம்ப நாள் இருக்கலாம்ங்கறாங்க. மாரப்பண்ணன் நல்லாத்தான் இருக்கார். ஆனா அவருக்குப் பேத்தி பொறந்து, மொதல்முதலா கையில குடுத்தாங்க, நானும் அங்க இருந்தேன். கண்டக்டர்கிட்ட டிக்கெட் வாங்கற மாதிரி வாங்கினார். அப்பறம் பக்கத்துல இருந்தவங்ககிட்ட நீட்டிட்டு, சோறு ஆயிருச்சான்னு கேட்டார். அவர் சம்சாரம் உள்ள போய் அழுதுட்டு வந்ததை நான் பாத்தேன். உடம்புல ஏறாத சந்தோஷம் மனசுக்கும் எட்டலையோ என்னவோ, எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது. பாத்ததைச் சொல்றேன்.

நான் பையனைத் திட்டலாம்னு வாயைத் தொறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் போனை வாங்கி, "போட்டுரலாஞ்சாமி. நீ வா"ன்னுட்டார்.

வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில துணி காயப்போட்டுக்கிட்டேதான் நான் பேசிட்டிருந்தேன், வாளியை அப்படியே வெச்சுட்டு அவர் பக்கம் திரும்பினேன். "எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க? மாரப்பண்ணனைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். நிம்மதியா இருக்கார்."

"அது நிம்மதியா?"

அவர் கொடியில தொங்கற துணியைப் பாத்துட்டே பேசினார். "அம்மிணி, உன்னைப் பாத்தாவே இந்தச் சனியன் உள்ள அலறுது. நான் ஒரு ஆம்பளையாவே இல்லைன்னு ஆயிருச்சு. எதுவுமே தோணாமப் போயிட்டா எனக்கும் அசிங்கமில்லை, உனக்கும் தொந்தரவில்லை."

"எனக்குத் தொந்தரவுன்னு நான் வந்து உங்ககிட்டச் சொன்னனா?" கத்திட்டேன். பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்தாங்க. பாக்கட்டும்னு விட்டுட்டேன். "தோணாமப் போச்சுன்னா அது ஒண்ணு மட்டுமா போகும்? நாளைக்கு உங்க பையன் கல்யாணத்துல நீங்க மாரப்பண்ணன் மாதிரி நிப்பீங்க. நான் செத்தாலும் சோறு ஆயிருச்சான்னு கேப்பீங்க!"

அவர் போனை எங்கையில குடுத்துட்டு உள்ள போயிட்டார். எனக்குப் பயமா இருந்துச்சு. நான் தொட்டா அவர் செத்துருவாரோன்னு ஒரு பயம். தொடாம இருந்தா, உசுரோட இருந்துக்கிட்டே என்னை விட்டுப் போயிருவாரோன்னு இன்னொரு பயம். ரெண்டாவதுதான் பெரிசா இருந்துச்சு. அன்னைக்கு அந்த வாளிப் பக்கத்துலயே உக்காந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. நவநீதன் லீவு போட்டுட்டு வந்திருந்தான். நங்கையா காலையிலயே வந்துட்டாங்க, எங்க பரண்ல கெடக்கற அவங்க அண்டாவை ஒரு விசேஷத்துக்கு இட்லி ஊத்த வேணும்னு எடுத்துக்கிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்கும் வர்றதா ஏற்பாடு. காத்தோட்டமா இருக்கட்டும்னு பரணே இல்லாம வீட்டைக் கட்டிட்டு, அவங்க பெரிய பாத்திரமெல்லாம் எங்க வீட்டுலதான் போட்டு வெச்சிருக்காங்க. சித்தப்பாவும் வந்தார். அண்டா வண்டியிலயே இருந்துச்சு, நாங்க அஞ்சு பேரும் டாக்டர் ரூமுக்குள்ள போனோம்.

டாக்டர் எல்லாத்தையும் பாத்துட்டு, "இதயம் நல்லாத்தான் தேறியிருக்குது. பதற்றந்தான் ஏன்னு தெரியலை"ன்னாங்க. அப்பறம் கையெழுத்துப் போடற பலகையை எங்க வீட்டுக்காரர் பக்கம் நகத்தினாங்க. "நிதான நிலை போட்டா மறுபடி மாத்தறது கஷ்டம். இதயம் அதுக்குப் பழகிரும். யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"யோசிச்சாச்சுங்க"ன்னு அவர் விரலை நீட்டினார். நான் அந்த விரலைப் பிடிச்சுட்டேன்.

"டாக்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கம்மா. தயிர்தானே?"

"தயிர் இல்லைங்க." திரும்பி எல்லாரையும் பாத்தேன். "நீங்கெல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க."

நவநீதன் முழிச்சான். "ஏம்மா?"

"ஏம்மாவும் கெடையாது ஒண்ணும் கெடையாது. எந்திரிச்சு அக்கட்டால போ. சித்தப்பா, நீங்களும். நங்கையா, நீங்களுந்தான்."

நங்கையா மொகம் செவந்து போச்சு. "நான் யாரு, மூணாவது மனுஷியா? அவன் எங்கூடப் பொறந்தவன்."

"அதனாலதானுங்க சொல்றேன், போங்க"ன்னேன். இத்தனை வருஷத்துல நான் அவங்களை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லை. அவங்க ஒரு நிமிஷம் என்னையே பாத்தாங்க. அப்பறம் என்ன தோணுச்சோ, சேலையை ஒதறிட்டு எழுந்து, சித்தப்பாவையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. கதவு சாத்திக்கிச்சு.

கேட்டுட்டேன். எப்படிக் கேட்டேன்னு இங்க சொல்ல மாட்டேன், ஆனா சுத்தி வளைக்கலை. ஞாயித்துக்கிழமை மழையில இருந்து ஆரம்பிச்சு வரிசையாச் சொன்னேன். எங்காளு பேனை அண்ணாந்து பாத்தபடியே இருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சாங்க.

"அறியாத பதற்றம் ரெண்டும் அதுதானாங்கம்மா?"

"அதுதானுங்க. அவர் உசுருக்கு ஆபத்தா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. ஆபத்துன்னா நான் இனி அந்தப் பேச்சே எடுக்கலை. நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடச் சொல்லிடறேன்."

"ஐயா, உங்க குடோனுக்கு மாடி எத்தனை?"

"ரெண்டுங்க"ன்னார் அவர், பேன்கிட்ட.

"நிக்காம ஏற முடியுதா? நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது ஏதாவது?"

"அதெல்லாம் இல்லைங்க. தெனமும் ஏறறேன்."

"அப்ப இதுவும் முடியும். இதுக்கு அதைவிடப் பெரிய தெம்பு ஒண்ணும் வேண்டாம். உங்க சோதனை முடிவும் அதைத்தான் சொல்லுது."

நான் வாயைப் பொளந்துட்டேன். "அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதாங்கம்மா. வயிறு நெறையச் சாப்பிட்டதும் வேண்டாம். களைப்பா இருந்தா வேண்டாம். நெஞ்சு வலிச்சா நிறுத்திட்டு உடனே எங்களைக் கூப்பிடணும். உறை உங்களைக் கீழ தள்ளுனதுக்குக் காரணம் உங்க இதயம் இல்லை. அந்த வேலையை அதுக்கு யாருமே சொல்லித்தரலை. யாரோ தொரத்தறாங்க, பயத்துல அடிச்சுக்குதுன்னு அது நெனைச்சுக்கிச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. மேசையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் எங்காளு பேனை விட்டுட்டுக் கீழ பாத்தார். "டாக்டர், உறை சும்மா இருந்தாலும்... என்னால முன்ன மாதிரி முடியலைன்னா?"

"மாத்திரையால அப்படி ஆகும், பயத்தாலயும் ஆகும். நெறையப் பேருக்கு ஆகுது. ரெண்டுக்கும் வழி இருக்குது. நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. அதே மாதிரி கடையில கெடைக்குதுன்னு வீரிய மாத்திரை எதையும் என்னைக் கேக்காமத் தொடாதீங்க. நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில வெக்கற மாத்திரையோட அது சேந்தா ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிரும். எங்கிட்டக் கேளுங்க. கூச்சமே வேண்டாம்."

"அதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லைங்க?" எனக்கு இப்பத்தான் கோவம் வந்துச்சு. "கேக்கட்டும்னு நீங்க இருந்தீங்க, சொல்லட்டும்னு நாங்க இருந்தோம். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா இந்த மனுஷன் மரக்கட்டையாயிருப்பார்."

டாக்டர் தலையை ஆட்டினாங்க. "இந்த உறை வெளிநாட்டுல இருந்து வந்தப்ப, கத்துக்குடுக்க வேண்டிய வேலைகள்ல இதுவும் இருந்துச்சும்மா. இங்க குடும்பமே கூட உக்காந்திருக்கும், பட்டியலைப் படிச்சா சங்கடமாயிரும்னு எடுத்துட்டாங்க. எடுக்கச் சொன்ன கூட்டத்துல நானும் இருந்தேன். சரின்னு சொன்னேன்." கண்ணாடியை எடுத்துத் தொடைச்சாங்க. திடீர்னு நிமிந்தாங்க. "அட ஆண்டவனே! அதான் மலை ஏறறாங்களா!"

"என்னங்க?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன். எங்க பேஷண்ட் ஒருத்தர், முட்டிவலிக்காரர், வீட்டுல தானா ஒரு வேலை கத்துக்குடுத்திருக்கார், 'மலை ஏறுதல்'னு. அதுவும் மத்தியான வெயில்ல. இந்த முட்டியோட எப்படி ஏறறார்னு நான் மண்டையை ஒடைச்சுக்கிட்டேன். இன்னொருத்தர் 'மாவாட்டுதல்'. இன்னொருத்தர் 'தேர் இழுத்தல்', வருஷம் பூரா! கம்பெனிக்காரங்க, உங்க ஊர்ல தினமும் தேரோடுதான்னு எழுதிக் கேட்டாங்க. நானும் இது கோயில் ஜாஸ்தியான ஊருன்னு பதில் போட்டேன்."

எங்காளு சிரிச்சார். ஆவணிக்கப்பறம் அன்னைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன், கடையில தெருவுக்கே கேக்கற மாதிரி சிரிப்பாரே, அது. உறை ஒண்ணும் சொல்லலை, சிரிக்கறதை ஏற்கனவே கத்துக்குடுத்திருந்தோம். பலகையை அவரே டாக்டர் பக்கம் தள்ளி வெச்சார். "நிதானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

வெளிய வந்தா நவநீதன் ஓடி வர்றான். "என்னம்மா? என்னாச்சு?"

"உங்கப்பாவுக்கு எந்தப் பதற்றமும் இல்லை. நிதான நிலையும் வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இனி அந்தக் குறிப்பெல்லாம் உனக்கு எதுக்கு? ஆபத்துன்னா மட்டும் வரட்டும், மத்ததை நிறுத்து."

அவன் அப்பா மொகத்தைப் பாத்தான், என் மொகத்தைப் பாத்தான். என்ன புரிஞ்சுதோ, காது செவந்து போச்சு. "சரிங்கம்மா"ன்னுட்டு கார் சாவியைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டான். தேடறதுக்கு அந்தக் காருக்குச் சாவியே கெடையாது. நங்கையா மட்டும் வீடு வர்ற வரைக்கும் அண்டாவைக் கட்டிப்பிடிச்சுட்டு ஒரு வார்த்தை பேசலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை மழையெல்லாம் இல்லை, நல்ல வெயில். போன்ல 'புதிய வேலை கற்பி'ங்கறதை அவர் அமுத்தினார். "வேலையின் பெயரைச் சொல்லவும்"னுச்சு குரல்.

"மலைன்னு வெச்சுரலாமா?"ன்னார்.

"மலையா? நீங்க கடைசியா மலை ஏறினது பையனுக்கு மொட்டை அடிக்கறப்ப. பொய் சொல்லாதீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பாத்தார். அப்பறம் போனை வாய்கிட்ட வெச்சுக்கிட்டு, சாமிகிட்டச் சொல்ற மாதிரி, "வளர்மதி"ன்னார்.

அப்பறம் நடந்ததுக்கெல்லாம் நீங்க எதுக்கு? அவருக்குப் பயமிருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு, அவசரப்படாம இருந்தோம். வேர்வையும் வரலை, கையும் துவளலை. போன் கடைசியில ஒரு தடவைதான் வாயைத் தொறந்துச்சு. "வளர்மதி. கற்றுக்கொண்டேன். இதயம் துணை நிற்கும்." அவர் கையைத் தலைக்கடியில வெச்சுக்கிட்டு, "பாத்தியா, இத்தனை நாள் கழிச்சு இதுக்கும் உன்னைத் தெரிஞ்சுபோச்சு"ன்னார். முன்ரூம் கட்டில்ல கெடந்த தலகாணியை நானே போய் எடுத்துட்டு வந்தேன்.

நங்கையா ரெண்டு நாள் கழிச்சு அண்டாவைத் திருப்பிப் போட வந்தாங்க. நான் பயந்துட்டேதான் காபி கலக்கினேன். தம்பியோட உறைக்கு அவங்கதான் ரெண்டாவது காப்பாளர்ங்கறது எனக்கு மறந்தே போச்சு. அவங்க போனைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாத்தாங்க.

"என்னமோ புது வேலை ஏறியிருக்குதாட்டம். வளர்மதின்னு."

எனக்குப் பூமிக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. "அது வந்துங்க, எங்கூடச் சண்டை போடறதுக்குன்னு..."

"ஏம்புள்ள, இப்படிப் பட்டவர்த்தனமாவா பேரை வெப்பாங்க? பரண் கிரண்னு ஏதாச்சும் வெச்சுத் தொலைச்சிருக்கக் கூடாது?"

நான் கரண்டியைக் கீழ போட்டுட்டேன். அண்ணன் பரண் ஏறக் கத்துக்கிட்டார்னு வகுப்புல இவங்க பெருமையடிச்சாங்களே, இவங்க வீட்டுலதான் பரணே கெடையாதே! அவங்க என்னைப் பாக்கலை, அண்டாவோட காதைத் தடவிட்டிருந்தாங்க. "எங்களுக்கும் அதே கூத்துதான். உங்கண்ணன் ஒரு நாள் பூரா எந்திரிக்கலை. பொறவு சாமியைக் கும்பிட்டுட்டு நாங்களாத்தான் சொல்லிக் குடுத்தோம். அன்னைக்கு வகுப்புலயே உங்கிட்டச் சொல்லணும்னு நெனைச்சேன். பஸ்ஸுல சொல்லலாம்னு வந்தேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கும், நீ தனியா மாட்டினா சொல்லிரலாம்னுதான் கூடவே வந்தேன். வாய் வரலை வளரு. அவன் என் தம்பியாச்சே, எப்படிச் சொல்லுவேன்?"

நான் தனியா டாக்டரைப் பாக்க முடியாம இருந்ததே இவங்க கூட வந்ததாலதான். இவங்க வந்ததே எங்கிட்ட அதைச் சொல்றதுக்கு! எனக்கு வந்த சிரிப்புல காபி சிந்திப்போச்சு. அவங்களும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அந்த அண்டா மேலயே சாஞ்சு சிரிச்சாங்க.

"என்ன அங்க சத்தம்?"னு எங்காளு முன்ரூம்ல இருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லைடா தம்பி, அண்டாவைப் பரண்ல ஏத்தோணும், வா"ன்னு குரல் குடுத்துட்டு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டே எங்கிட்ட மெதுவாச் சொன்னாங்க, "நெசமான பரண்ல."